வரிசையை விட்டு வெளியே வைத்த கோப்பை

"வாயில இருக்கறதச் சொல்லத் தெரியலீன்னா அந்த நாக்க வெச்சுட்டு என்னம்மா பண்றது?"

எங்கள் ஃபேக்டரியின் டீ மேக்கர் இப்படிக் கேட்டபோது முதலாளி எதிரே உட்கார்ந்திருந்தார். கோப்பை கழுவும் அக்கா கதவருகே நின்றிருந்தார். வெளியே ஒரு லாரி டிரைவர் சீட்டு வாங்கக் காத்திருந்தார். டீ மேக்கர் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லச் சொற்கள்தான் வரவில்லை.

இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போவது வரை ஃபேக்டரியில் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை டீ மேக்கர் என்போம். நான் அவருக்குக் கீழே டீ ருசி பார்க்கும் வேலையில் இருந்தேன். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், ஒரு வளைவுக்குக் கீழே இருக்கிறது ஃபேக்டரி. இரவு முழுக்க, இலையைக் காயவைக்கும் டிரையர் ஓடும். அதன் வாயிலிருந்து மணிக்கொரு முறை கொஞ்சம் தூள் எடுத்துத் தனியாக வைப்பார்கள். காலையில் நான் போவதற்குள் அக்கா அவற்றை மூடியுள்ள பீங்கான் கிண்ணங்களில் போட்டு, கொதிநீர் ஊற்றி, சாற்றை வெள்ளைக் கோப்பைகளில் வடித்து, நீள மேஜையில் வரிசையாக வைத்திருப்பார். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒவ்வொரு கோப்பையிலும் அந்த மணி நேரத்தில் நடந்தது இருக்கும். சூடு கூடிப் போயிருந்தால் கருகல் தெரியும். இலை அதிகம் புளித்திருந்தால் சாறு சப்பென்று இருக்கும். அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மணி நேரத்துத் தூளை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டு மற்றதைக் கலப்பார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் ஒரே குவியலில் கலந்துவிடும்.

என் அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். அப்பா கவாத்து வெட்டுகிறார், அதாவது வளர்ந்த தேயிலைச் செடிகளைக் கத்தியால் இடுப்பளவுக்கு வெட்டி விடுவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நான். கோயம்புத்தூரில் தங்கி வேதியியல் படித்தேன். ஃபேக்டரியில் முதலில் பேக்கிங் பக்கம்தான் வேலை கிடைத்தது. ஒரு நாள் மூட்டை கட்டும்போது, "இதுல நனஞ்ச சாக்கு வாசம் அடிக்குதுங்க" என்றேன். டீ மேக்கர் சிரித்துவிட்டு அதில் டீ போடச் சொன்னார். உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்த வாரம் என்னை அந்த மேஜையின் முன்னால் நிறுத்தினார். அம்மா நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்க இதைச் சொல்லிவிட்டு வந்தார். "நாங்க பறிக்கற இலைக்கு எம்புள்ளதான் மார்க்குப் போடறா."

அது அப்போது எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இப்போதும் பெருமைதான்.

மாத்திரை அதற்கு முன்பே வந்துவிட்டது. கல்லூரியின் கடைசி வருடத்தில், விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் விழுந்தேன். விழுந்தது எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது கையில் விடுதியின் சாவிக்கொத்து இருந்தது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஓடிப்போய் எடுத்து வந்திருக்கிறார்கள். உள்ளங்கையில் சாவிகளின் தடம் இரண்டு நாள் இருந்தது. ஊருக்கு வந்த பிறகு அம்மா, அப்பாவின் பழைய கவாத்துக் கத்தியைத் துணியில் சுற்றி என் தலையணைக்கு அடியில் வைத்தார். நான் எடுத்துப் பரணில் வைப்பேன். சாயங்காலம் பார்த்தால் அது தலையணைக்கு அடியில் இருக்கும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை, வீட்டிலும் விழுந்தேன். இரண்டாவது மாத்திரை கேட்டது. அதற்குப் பிறகு நான் விழவே இல்லை. ஆனால் அதோடு வேறொன்றும் வந்தது.

வெளியூர்க்காரர்கள் இதைப் பனிமூட்டம் போல என்று சொல்லக்கூடும். பனிமூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது எதிரே வரும் ஆள் தெரியாது, ஆனாலும் ஒரு கையால் தேயிலைச் செடியைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேன். வழி காலுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. பெயர் மட்டும் இருக்காது. ரேஷன் கடையில் துவரம் பருப்பு கண் முன்னால் மூட்டையில் இருக்கும், அதன் நிறம், வேகும்போது வரும் மணம், அம்மா அதில் போடும் பூண்டு எல்லாம் தெரியும். கடைக்காரர் "என்ன வேணும்" என்றால் நான் நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு முறை பஸ்ஸில் கண்டக்டர் கேட்டபோது இறங்க வேண்டிய ஊரின் பெயர் வரவில்லை. பிறந்து வளர்ந்த ஊர். "ஏனுங்க, ஊரு பேரு மறந்து போச்சுங்களா? இல்ல ஊட்ல சொல்லாமக் கெளம்பீட்டீங்களா?" என்றார். முன்சீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ்ஸின் போர்டில் எழுதியிருந்தது ஞாபகம் வந்து "கோத்தகிரி" என்றேன். கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கிப் பாதி வழியில் இறங்கினேன். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

லைனில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். பக்கத்து வீட்டு மாமா ஒரு நாள் பேங்கிலிருந்து வந்த காகிதத்தோடு வந்தார். முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குப் போனதும் முதல் வரி என்ன சொன்னது என்பது போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். அவர் பொறுமையாக நின்றார். மூன்றாவது முறையும் அப்படியே ஆனதும், "நாளைக்கு வாங்க மாமா, இப்பக் கொஞ்சம் வேலை இருக்குது" என்றேன். கையில் ஒரு வேலையும் இல்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பெரிய ஆளாயிட்டா, நேரமில்லையாம்" என்று அவர் அடுத்த வீட்டில் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். திமிர் பிடித்தவள் என்ற பெயரோடு நான் நடமாட முடியும். மற்றதோடு முடியாது.

விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் சோடா வாங்கிக் குடித்தால் சுள்ளென்று குத்துகிற அந்தக் குத்தல் இருக்காது, வெறும் தண்ணீரைப் போல இறங்கும். முதல் முறை கடைக்காரரிடம் கேஸ் போய்விட்டது என்று சண்டைக்கே போனேன். அவர் வேறொன்றை உடைத்துக் கொடுத்தார். அதுவும் தண்ணீர்தான். அன்றிலிருந்து எனக்கு நாக்கைப் பற்றிப் பயம். சோடாவை எடுத்துக்கொண்ட மாத்திரை டீயை எப்போது எடுத்துக்கொள்ளும்? ஒவ்வொரு நாள் காலையும் முதல் கோப்பையை உறிஞ்சும் வரை அதே கேள்விதான்.

டீ மட்டும் போகவில்லை. சாறு வாயில் பட்டதும் என்ன என்று தெரிந்துவிடும். ஆனால் அதைச் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது. டீ மேக்கர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலச் சொற்களும் நானாக வைத்துக்கொண்ட தமிழ்ச் சொற்களும் ஒன்றாகக் காணாமல் போகும். ஒரு கோப்பையில் நின்று சொல்லைத் தேடினால் அடுத்தது ஆறிவிடும். ஆறிய டீயை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தேகமான கோப்பையை வரிசையிலிருந்து ஒரு சாண் வெளியே இழுத்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். கடைசி வரை முடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் சொல் வந்தாலும் வரும். வராவிட்டாலும் கோப்பை வெளியே நிற்கும். அது எனக்கு ஞாபகப்படுத்தும். தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாததை மேஜை மேல் வைத்துக்கொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் பெருமை மட்டும் இல்லை. ருசி பார்க்கும் அறைக்குப் போக வேண்டுமென்றால் மெஷின் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். இருபக்கமும் ரோலர்கள் சுழன்றுகொண்டிருக்கும், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். வலிப்பு உள்ளவர்களை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். மாத்திரையால் மந்தம் என்று சொன்னால் எதற்கு மாத்திரை என்று கேட்பார்கள். முட்டாள் என்று நினைக்க விடுவதா, நோயாளி என்று தெரியவிடுவதா? இரண்டில் எது நடந்தாலும் அந்த மேஜை எனக்கு இல்லை.

தென்மேற்கு மழை நிற்காமல் பெய்த ஒரு காலையில் அது நடந்தது. விறகெல்லாம் நனைந்திருந்தது. வரிசையின் நடுவே ஒரு கோப்பையை உறிஞ்சியதும் வாய்க்குள் எங்கள் சமையலறை வந்துவிட்டது. ஈரமான கற்பூர மரக்கட்டை, அது எரியாமல் சீறுவது, ஊதுகுழலோடு குனிந்திருக்கும் அம்மா, அவருடைய சிவந்த கண்கள். இத்தனையும் வந்தது. இத்தனைக்கும் பெயரான அந்த ஒரு சொல் வரவில்லை. தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. கோப்பையை ஒரு சாண் வெளியே இழுத்து வைத்தேன்.

அப்போது இலை இறங்கும் இடத்திலிருந்து டீ மேக்கர் கூப்பிட்டார். "அம்மா, செத்த இங்க வந்து இந்த எலயப் பாரு. இதப் போயி நல்ல எலங்கறாரு." இலை கொண்டுவந்த ஏஜெண்டுக்கும் அவருக்கும் பேச்சு முற்றியிருந்தது. "மழைல நனையாம எல என்ன குடை புடிச்சுட்டா வருமுங்க?" என்றார் ஏஜெண்ட். "நனஞ்சா பரவால்ல. இது குளிச்சுட்டு வந்திருக்குது" என்றார் டீ மேக்கர். நானும் சிரித்தேன். இலையைப் பிழிந்து பார்த்தேன். ஏதோ சொன்னேன். திரும்பி வந்து மீதிக் கோப்பைகளையும் உறிஞ்சி முடித்துவிட்டு, வரிசையை ஒரு முறை பார்த்தேன்.

வரிசை நேராக இருந்தது. ஒரு கோப்பைகூட வெளியே இல்லை. அப்படியானால் எல்லாம் சரி என்று மனம் நிம்மதியாகிவிட்டது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

"என்னம்மா, கலந்தரலாமா?" என்று டீ மேக்கர் கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்குங்க" என்றேன்.

தூள் ஏலத்துக்குப் போயிற்று. சில நாள் கழித்து அங்கே ருசி பார்ப்பவர்களிடமிருந்து சேதி வந்தது. ஸ்மோக்கி. புகை ஏறிய டீ. டிரையருக்குச் சூடு அனுப்பும் ஹீட்டரின் குழாயில் வெடிப்பு விட்டு, இரவில் ஈர விறகு அதிகம் புகைந்த கொஞ்ச நேரம் அந்தப் புகை டீக்குள் கசிந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துத் தூளை ஒதுக்கியிருந்தால் போதும். கலந்ததால் மொத்தமும் போயிற்று.

முதலாளியின் அறையில் டீ மேக்கர் அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். புகை. அதுதான் அந்தச் சொல். அன்று என் வாய்க்குள் வந்த சமையலறை பொய்யில்லை. மாத்திரை என் நாக்கை இன்னும் தொடவில்லை. என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். முதலாளி, "என்னம்மா சிரிக்கற?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சுதுங்க" என்றேன். "அன்னைக்கே தெரிஞ்சுது. ஒரு கப்புல இருந்துச்சு."

"தெரிஞ்சுதுன்னா ஏன் சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். என்ன தொடங்கினேன் என்பது நினைவில்லை. பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. மூவரும் மீதிக்காகக் காத்திருந்தார்கள். மீதி வரவில்லை. அப்போதுதான் டீ மேக்கர் நாக்கைப் பற்றி அப்படிக் கேட்டார்.

முதலாளி நல்ல மனிதர். கத்தவில்லை. "கொஞ்ச நாளைக்குப் பேக்கிங் பக்கமே இரும்மா. அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போனேன்.

அன்று மதியம் கோப்பைகள் கழுவும் தொட்டி அருகே அக்காவோடு நின்றிருந்தேன். அவருக்கு என் மேல் பாவமாக இருந்தது. "வுடு கண்ணு, குழா வெடிச்சதுக்கு நீ என்ன பண்ணுவ" என்றார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக என்று நினைக்கிறேன், "நீ நல்லா வேலை செய்வ. ஒண்ணே ஒண்ணுதான். எப்பப் பாத்தாலும் ஒரு கப்ப இழுத்து வெளிய வெச்சுட்டுப் போயிருவ. நாந்தான் நேரா தள்ளி வெக்கறது" என்றார்.

"எப்பவுமாக்கா?"

"நீ அந்தப் பக்கம் திரும்புனீன்னா தள்ளி வெச்சுருவன். வரிச கோணலா இருந்தா மொதலாளி என்னையத்தான் வைவாரு."

அவர் கோப்பையைத் துடைத்து அடுக்கிக்கொண்டே இருந்தார். எப்போதும் என்றால் எத்தனை காலைகள்? எத்தனை கோப்பைகளை நான் வெளியே வைத்து, மறந்து, நேரான வரிசையைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறேன்? அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மேஜையை ஒழுங்காக வைப்பது அவர் வேலை. கோணல் எதற்கு என்று நான் சொல்லவில்லை. கோப்பைகள் நகர்வதை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு ஆள் தினமும் என் கண் முன்னால் செய்ததை என் தலை ஒரு முறைகூடக் குறித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அம்மாவிடம் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"வராம இருக்குதுல்ல சாமி. அதப் போயிக் கெடுத்துக்காத."

"எனக்கு வார்த்தை வர்றதில்லம்மா."

"வார்த்தை வராட்டிப் போகுது. நீ உழுந்து கெடந்தப்ப நான் பாத்தன், நீ பாக்கல." மறுபடி முறத்தைத் தட்டிக்கொண்டே, "நான் ஒரு எழுத்துக்கூடத் தெரியாம இத்தன நாளு ஓட்டலியா?" என்றார்.

அம்மாவுக்குக் கை இருக்கிறது. இரண்டு கையாலும் கொழுந்து பறித்தபடியே சண்டை போடுவார், பாட்டுப் பாடுவார், யார் யாருக்குக் கல்யாணம் என்று பேசுவார். எனக்குத் தலை மட்டும்தான். அதற்காகத்தான் அவர்கள் இருவரும் என்னைச் செடிக்குள் இறங்கவிடாமல் வளர்த்தார்கள். அந்தத் தலையை அடகு வைத்துத்தான் விழாமல் இருக்கிறேன் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மாத்திரையை நானே நிறுத்திவிட்டால் என்ன என்றும் யோசித்திருக்கிறேன். கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் ஹாலின் ரோலர்கள் நினைவுக்கு வரும். விழுங்கிவிடுவேன்.

கோயம்புத்தூர் டாக்டரிடம் எப்போதும் அம்மாவோடுதான் போவேன். ஒவ்வொரு முறையும் ஒரே பேச்சு. "ஃபிட்ஸ் வந்துச்சா?" "இல்லீங்க." "நல்லது. இதையே கண்டின்யூ பண்ணுங்க." ஒரு முறை அம்மா குறுக்கிட்டு, "ஃபேக்டரில டீ குடிச்சுப் பாக்கற வேலைங்க எம்பொண்ணுக்கு" என்றார். "டீ குடிக்கச் சம்பளமா? எனக்கும் ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்க" என்று டாக்டர் சிரித்தார். அம்மாவுக்கு மலை இறங்கி வந்ததே அதற்காகத்தான் என்பதுபோல இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் என் மூளை வேலை செய்யவில்லை என்று நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

இந்த முறை தனியாகப் போனேன். பேக்கிங்கில் லீவு கேட்டேன், காரணம் யாரும் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கும் வரை பஸ்ஸில் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அறைக்குள் போய் உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார், "ஃபிட்ஸ் வந்துச்சா?"

"இல்லைங்க டாக்டர். ஆனா..."

அவ்வளவுதான். பஸ்ஸில் அத்தனை முறை சொன்ன வாக்கியம் போய்விட்டது. டாக்டர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். வெளியே அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் மேஜை மேலிருந்த காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"சொல்லும்மா."

"இப்ப நடக்குதுல்லங்க," என்றேன். "இதுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?"

"இந்த மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து."

"ஏம்மா இத்தன நாளாச் சொல்லல?"

"நீங்க ஃபிட்ஸ் வந்துச்சான்னு மட்டுந்தான் கேட்டீங்க."

அதைச் சொன்ன பிறகு பயந்துபோனேன். அவர் கோபப்படவில்லை. இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார். சோடாவைப் பற்றி நான் சொல்லாமலே கேட்டார். வேறு மாத்திரைக்கு மாறலாம், ஆனால் ஒரே நாளில் முடியாது, புதியதைப் பாதியாக ஆரம்பித்து மெல்ல ஏற்றி, பழையதை மெல்ல இறக்க வேண்டும் என்றார். அந்த நாட்களில் திரும்ப விழலாம். புதியது கேட்காமலும் போகலாம். அதற்கும் வேறு தொல்லைகள் உண்டு, சிலருக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்றார்.

"போன வார்த்தையெல்லாம் திரும்பி வருமுங்களா?"

"பெரும்பாலும் வரும். உறுதியாச் சொல்ல முடியாது." பிறகு, "வேலை செய்யற இடத்துல சொல்லியாச்சா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"மாத்தறதா இருந்தா சொல்லித்தான் ஆகணும். நீ விழுந்தா பக்கத்துல இருக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும். அத முடிவு பண்ணிட்டு ஆரம்பி. அது வரைக்கும் பழசை ஒரு வேளைகூட விடாத."

புது மாத்திரை அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். சில நாள் அது பையிலேயே இருந்தது. சொன்னால் அந்த மேஜை போய்விடும் என்ற பயம் பழகிப் போயிருந்தது, மேஜை ஏற்கெனவே போய்விட்டது என்பது மனதுக்கு ஏறவே சில நாள் ஆயிற்று. முதலாளியின் 'கொஞ்ச நாளைக்கு' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். வலிப்பு என்று சொல்லிவிட்டால் அதுவும் அறுந்துவிடும்.

இதை எழுதுவதே எனக்குச் சுலபமாக இல்லை. சொல் வராத இடத்தில் கோடு போட்டுவிட்டு மேலே போகிறேன். சில கோடுகள் மறுநாள் நிரம்புகின்றன. சிலவற்றில் நான் நினைத்த சொல்லுக்குப் பதிலாகப் பக்கத்துச் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. படிப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்தத் திங்கட்கிழமை டீ மேக்கரிடம் போய்ச் சொன்னேன். வலிப்பு, மாத்திரை, சொற்கள், வெளியே வைத்த கோப்பை, எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல், நின்று நின்று சொன்னேன். அவர் பேச்சில் குறுக்கிடவில்லை. முடித்ததும், "இத்தன நாளா அந்த ரோலருங்க நடுவுலயா நடந்துட்டு இருந்த?" என்றார். அது கோபமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "டீ ரூமைப் பத்தி மொதலாளிதான் சொல்லோணும். நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா." பிறகு, "மெஷின் பக்கம் போகாத" என்றார். அவ்வளவுதான். அன்று நாக்கைப் பற்றி அப்படிக் கேட்டதற்கு அவர் வருத்தம் எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

முதலாளி இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது டீ மேக்கரே காலையில் ருசி பார்க்கிறார். உறிஞ்சும் சத்தம் பேக்கிங் வரை கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அக்காவைப் பேக்கிங் பக்கம் வரச் சொன்னேன். நான் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பக்கத்தில் இருப்பதை நகர்த்த வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இழுப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும், தலைக்கு அடியில் துணி வைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், சீக்கிரம் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அவர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

"சாவி வேண்டாமா கண்ணு?"

"வேண்டாங்கா."

"வெறுங்கையாவா வுடறது?" என்றார், நம்பாமல். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி, ஒருக்காப் படு. திருப்பிப் பாத்தாத்தான் எனக்கு வரும்."

மூட்டை கட்டும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வெட்கத்தில் காது எரிந்தது. கீழே கிடந்த வெற்றுச் சாக்குகள் மேல் படுத்தேன். அக்கா என் தோளையும் இடுப்பையும் பிடித்து, மூட்டையைப் புரட்டுவதுபோல ஒரே தள்ளில் இடது பக்கம் திருப்பினார். தன் தோளில் கிடந்த துண்டை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தார்.

"இப்பிடியா?"

"இப்படித்தாங்கா" என்றேன். புது மாத்திரையின் முதல் பாதியை அன்று காலையே விழுங்கியிருந்தேன்.